ஏரி இல்லாத லேக் வியூ ரோடு

நேற்று மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டில் பெயர்ப்பலகையைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். "என்ன தம்பி, ரோடு போடப்போறாங்களா?" என்றார் கீரை விற்கும் அம்மா. ஏரியைத் தேடுறேன்மா என்றதும், தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அரைக்கீரைக் கட்டை அப்படியே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நிஜமாகவே ஏரிதான். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள். 1920களில், நீதிக்கட்சி ஆட்சியில், மாம்பலம் பக்கத்துத் தண்ணீரை வடித்துத்தான் தி.நகரையே உருவாக்கினார்கள். தியாகராயர், பனகல் அரசர், நடேசன், உஸ்மான் என்று அங்கே பாதிப் பெயர்கள் அந்தக் கட்சிக்காரர்களுடையவை. பாண்டி பஜாருக்கும் பாண்டிச்சேரிக்கும் சம்பந்தமில்லை. அது நீதிக்கட்சித் தலைவர் சௌந்தரபாண்டியனார் பெயர். (நானும் காலேஜ் முடிக்கும்வரை பாண்டிச்சேரி என்றே நம்பியவன்தான்.)

வடக்கே மிஞ்சிய ஏரியும் குப்பை கொட்டும் இடமாகிப்போய், கடைசியில் 1976-இல் அங்கே வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

இதையெல்லாம் பாதி சொல்லும்போதே அந்த அம்மா குறுக்கிட்டார். "அதான் மழை பேஞ்சா தண்ணி நேரா எங்க வீட்டுக்கு வருதா!"

சரி, மாம்பலத்துக்காரர்களே, வீட்டுப் பரணில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எல்லை விவரத்தில் 'ஏரிக்கரை', 'வாய்க்கால்' என்று ஏதாவது இருந்தால் அந்த வரியை மட்டும் படமெடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள். வரைபடத்தில் குறித்துக்கொண்டு வருகிறேன்.