ஒரு கடிதம் இல்லாததால் போன 11 பக்கங்கள்

32 பக்கக் கொமிக்ஸ் புத்தகம் ஒன்றைக் கையில் எடுக்க எனக்கு ஒரு வருடமும் எட்டு மாதமும் பிடித்தது. அதில் படம் கீறிய காலம் ஐந்து மாதம்தான். மிச்சமெல்லாம் கடிதம், ஸ்கான், ஃபொன்ட், கொழும்பு பஸ். சின்ன வயதில் ரசித்த சித்திரத் தொடர் ஒன்றைத் தூசிதட்டி எடுக்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், இதை வாசித்துவிட்டு இறங்குங்கள்.

1993, 94 காலத்தில் யாழ்ப்பாணத்தில் சிறுவர்களாக இருந்த சிலருக்காவது அந்தத் தொடர் நினைவிருக்கும். கொக்கத்தடியோடு (குழை, காய் பறிக்கிற, நுனியில் கொக்கி கட்டிய நீளத் தடி) ஒரு பெடியன், இடது காது கிழிந்த ஒரு ஆடு, வாரம் நாலு கட்டம். கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்குக்குக் கிட்ட தாளைப் பிடித்துக்கொண்டு நானும் தங்கச்சியும் அடிபட்டு வாசிப்போம். பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் வராத காலம் அது, பத்திரிகைகளே கொப்பித் தாளில் வந்தன. எங்கள் பெடியனும் நீலக் கோடு போட்ட தாளில்தான் ஓடித் திரிந்தான். கடைசிக் கதையில் ஆடு சுன்னாகம் சந்தையில் காணாமல் போய்விடும். அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே 1995 ஒக்டோபர் 30 வந்தது, யுத்தத்தில் வலிகாமச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது, தொடர் வந்த சஞ்சிகையும் நின்றுபோனது. ஆடு கிடைத்ததா இல்லையா என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

கீறியவர் 2008இல் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி ஊரில்தான் இருக்கிறார். போய்க் கேட்டேன். "எடுத்துச் செய்யுங்கோ தம்பி, அவர் இருந்தால் சந்தோசப்படுவார்" என்று சொல்லி, இடப்பெயர்வில் கொடிகாமம் வரைக்கும் போய்த் திரும்பி வந்த றங்குப்பெட்டியைத் திறந்து விட்டார். கறையான் தின்றது போக 42 வாரத் தாள்கள் இருந்தன. அவருடைய சம்மதத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். அது போதும் என்று நினைத்ததுதான் பிழை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஸ்கான். ஃபோட்டோ கொப்பிக் கடை ஒன்றில் 42 தாளையும் கொடுத்தேன். அவர்கள் கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தந்தார்கள். வீட்டில் திறந்து பார்த்தால் கொப்பித் தாளின் நீலக் கோடும் சாம்பலாகி, அவர் பேனாவால் கீறிய கோட்டோடு ஒட்டிப்போய்க் கிடக்கிறது, எது ஆட்டின் கால் எது தாளின் கோடு என்று பிரிக்கவே முடியாது. திரும்ப எல்லாவற்றையும் கலரில், 600 டிபிஐயில் எடுக்கவேண்டி வந்தது. கலரில் எடுத்தால் நீலச் சனலை, அதாவது படத்தின் நீல ஒளி அளவை மட்டும், தனியாகப் பிரிக்கலாம், அதில் நீலக் கோடு வெளிறி மறைந்துவிடும். ஆனால் பழுத்து மஞ்சளான தாள் அதே சனலில் கறுத்துத் தெரியும். அப்புறம் வெளிச்சம் இருட்டைக் கூட்டிக் குறைக்கிற லெவல்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித்தான் வெளுக்கவேண்டும், ஒரு தாளுக்குச் சரிவந்த அளவு அடுத்த தாளுக்குச் சரிவராது. மழை நனைந்த தாள்களில் அதுவும் எடுபடவில்லை, அவற்றைக் கையால் திரும்பக் கீறினேன்.

அடுத்தது கொழும்புப் பயணம். பதிப்புரிமையைக் கொழும்பில் பதியவேண்டும், இல்லாவிட்டால் வேறு யாராவது பதிந்துவிடுவார்கள் என்று விசயம் தெரிந்த மாதிரிக் கதைக்கும் ஒருவர் சொன்னார். இரவு பஸ் ஏறி, கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் போய், காலையில் கவுண்டருக்கு முன்னால் நின்றால், வியாபாரக் குறி, காப்புரிமை போன்றவற்றுக்குத்தான் பதிவு, பதிப்புரிமைக்குப் பதிவே கிடையாது என்கிறார்கள். உண்மைதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி கீறிய அன்றைக்கே உரிமை வந்துவிடும், கீறியவர் இறந்து 70 வருடம் வரைக்கும் இருக்கும். அதாவது என் பெடியன் 2078 வரை அந்தக் குடும்பத்தின் சொத்து. இதை வீட்டிலிருந்தே வாசித்திருக்கலாம். யாரோ சொன்னதை நம்பி பஸ் ஏறாதீர்கள்.

திரும்பி வந்து கீறத் தொடங்கினேன். பெடியன் வளர்ந்து பெரிய ஆளாகிவிட்டான், ஆடு செத்துவிட்டது, எல்லாம் இருட்டு நிறம், மழை. இந்தக் காலத்துக் கொமிக்ஸ் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஒரு எண்ணம். 11 பக்கம் முடித்து, ஆசையில் நாலைந்து பக்கத்தை முகநூலில் போட்டேன். மூன்றாம் நாள் ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. கீறியவரின் மூத்த மகன். "தம்பி, நல்லாக் கீறியிருக்கிறீங்கள். ஆனால் அம்மா மட்டும் சொன்னால் காணாது, பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர் இருக்கிறம். அதோட அப்பா அந்த ஆட்டை ஒருநாளும் சாகவிட்டிருக்க மாட்டார்."

கோபம் வந்தது, ஒளிக்கவில்லை. இரண்டு நாள் பதில் போடவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. உரிமை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்ந்தே போயிருக்கிறது, ஒருவரின் கையெழுத்தை வைத்து மற்றவர்களின் பங்கை எடுக்கமுடியாது. தெரிந்த சட்டத்தரணி அண்ணை ஒருவரைப் பிடித்து ஒழுங்காக ஒரு கடிதம் எழுதினோம். எத்தனை பிரதி, எந்த மொழி, மின்னூலாகவும் விடலாமா, அட்டையில் அவர் பெயர் எங்கே வரும், பாத்திரத்தின் தோற்றத்தில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது, எல்லாம் அதில் இருக்கிறது. வவுனியாவில் இருக்கும் மகன் அடுத்த நாளே கையெழுத்து வைத்தார். பாரிஸ் மகளின் கடிதத்தில் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளமாதிரி இல்லை, கலியாணத்துக்குப் பிறகு மாறியிருந்தது. திரும்ப எழுதி, திரும்பத் தபாலில் வர ஏழு கிழமை. கடிதத்தில் இரண்டு பெயரையும் முதலே போட்டுவிடுங்கள்.

அந்த ஏழு கிழமையில்தான் ரொறன்ரோ அண்ணாவோடு நிறையக் கதைத்தேன். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தங்கியிருந்தபோது, ஆடு எங்கே என்று தகப்பனைப் போட்டு அரித்திருக்கிறார்கள். அவர் சொன்ன முடிவு இதுதான்: சந்தையில் தொலைந்த ஆடு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டது, பின்வளவில் பூவரசங்குழை தின்றுகொண்டு நிற்கிறது. பெடியன் ஊரெல்லாம் தேடினான், வீட்டை மட்டும் தேடவில்லை. இதைக் கேட்டபிறகு என்னுடைய 11 பக்கத்தையும் அழித்தேன். இப்போது கதை இன்றைய சுன்னாகத்தில் நடக்கிறது, ஓட்டோ இருக்கிறது, கடை வாசலில் கமரா இருக்கிறது, பெடியன் பெடியனாகவே இருக்கிறான், கொக்கத்தடியும் இருக்கிறது. தடிக்குப் பதிலாக ட்ரோன் ஒன்றைக் கொடு என்று இரண்டு பேர் சொன்னார்கள். கொக்கத்தடியைப் பிடுங்கினால் அவன் வேறு ஆள்.

ஐஎஸ்பிஎன் இலக்கம் எடுத்ததில் பிரச்சினை இல்லை. எழுத்தில்தான் இருந்தது. நான் யுனிக்கோடில் எழுதினேன். அச்சகத்தில் இன்னும் யுனிக்கோடுக்கு முந்திய பாமினி ஃபொன்டில்தான் வேலை, அதோடு அவர்களுடைய ஃபோட்டோஷொப்பில் தென்னாசிய எழுத்துக்கான அமைப்பைப் போடவில்லை. அங்கே என் கோப்பைத் திறந்ததும் 'கொ' எல்லாம் உடைந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். கதாநாயகனின் கையில் இருப்பதே கொக்கத்தடி, அது வராத பக்கமே இல்லை! முன்னோட்டப் பிரதி கேட்டு வாங்கியதால் தப்பினேன். எழுத்தையெல்லாம் அவுட்லைனாக்கி, அதாவது படக் கோடாக மாற்றி, பிடிஎஃப்பாகத்தான் கொடுக்கவேண்டும், திறக்கக்கூடிய கோப்பைக் கொடுக்கவே கூடாது. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்காக இருக்கவேண்டும் என்பதும் அங்கே போய்த்தான் தெரியும். என்னிடம் 30 இருந்தது, மிச்ச இரண்டில் அவருடைய பழைய கட்டங்களை நீலக் கோட்டோடு அப்படியே போட்டோம்.

திருத்திய முன்னோட்டப் பிரதியைக் கீறியவரின் மனைவியான அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. 19ஆம் பக்கத்தில் விரலை வைத்தார். "தம்பி, இது வேற ஆடு." வலது காது கிழிந்திருந்தது. படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பிப் பார்த்துவிட்டு, திரும்பப் பழையபடி மாற்ற மறந்திருக்கிறேன். எத்தனையோ தரம் பார்த்தும் என் கண்ணில் படவில்லை. அவர்கள் வீட்டில் உண்மையாகவே நின்ற ஆடாம் அது.

300 பிரதி அடித்தோம், 60 அளவில் மிச்சம் இருக்கிறது. இரண்டாவது புத்தகத்துக்குக் கதை எழுதிவிட்டேன், ஆனால் முதல் கடிதம் ஒரு புத்தகத்துக்கு மட்டும்தான். புதுக் கடிதம் இப்போது பாரிஸில் நிற்கிறது. அது வரும்வரை ஒரு கட்டம்கூடக் கீறுவதாக இல்லை.