அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த ஊசி

43 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த என் அண்ணனுக்கு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை உச்ச அளவில் கொடுத்து, எசெடிமைப் மாத்திரையையும் சேர்த்த பிறகும், எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு 130க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் எவலோகுமாப் ஊசியை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதைப் பற்றி அன்றிலிருந்து தேடிப் படித்து வருகிறேன்.

கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள், இரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடிக்க மீண்டும் மேலே வருகின்றன. பிசிஎஸ்கே9 என்ற புரதம் ஒட்டிக்கொண்ட ஏற்பியோ திரும்பி வராமல் உள்ளேயே சிதைந்துபோகிறது. ஸ்டாட்டின் ஏற்பிகளைப் பெருக்கும்போது இந்தப் புரதத்தையும் கூட்டிவிடுகிறது என்பதைப் படித்தபோதுதான், மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினாலும் பலன் ஏன் சிறிதளவே கூடுகிறது என்பது எனக்கு விளங்கியது. எவலோகுமாப், அலிரோகுமாப் ஆகிய ஊசிகள் அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கிவிடுகின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை போடும் இன்கிளிசிரான், கல்லீரலில் அது உருவாவதையே தடுக்கிறது.

இந்த மருந்துகளுக்கு வழி காட்டியவர்கள், பிசிஎஸ்கே9 புரதத்தை உருவாக்கும் மரபணு பிறவியிலேயே செயலிழந்த மனிதர்கள். அமெரிக்காவின் டெக்சஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனத்தன் கோஹனும் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. இத்தகைய மரபணு மாற்றம் கொண்ட கறுப்பின மக்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு. ஆனால் இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. எவலோகுமாப் ஊசியை 27,564 பேரிடம் சோதித்து 2017இல் வெளிவந்த ஆய்விலோ, எல்டிஎல் 92இலிருந்து 30க்கு இறங்கியும், மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்புகள் 15 சதவீதமே குறைந்தன. சராசரியாக இரண்டே ஆண்டுகள் நீடித்த அந்த ஆய்வில் இதய நோய் மரணங்கள் குறையவும் இல்லை.

இவ்விரு முடிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் காலம் என்றே நான் கருதுகிறேன். பிறந்தது முதல் கொழுப்பு குறைவாக இருப்பதும், தமனி அடைபட்ட பிறகு அதைக் குறைப்பதும் ஒன்றல்ல.

ஊசி தொடங்கி மூன்று மாதங்களில் அண்ணனின் எல்டிஎல் 52 ஆனது. அவருக்கு இருப்பது பரம்பரையாக வரும் மிகைக் கொழுப்பு. பிள்ளைகளுக்கு அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவருடைய பதினான்கு வயது மகனுக்கு வரும் சனிக்கிழமை இரத்தப் பரிசோதனை செய்யவிருக்கிறோம்.