விதை கம்பெனி இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள்?

பி.எஸ்சி. அக்ரி முடித்ததும் எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் வங்கி விவசாய அதிகாரித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் கோச்சிங் போய்விட்டார்கள். எனக்கு உடனே சம்பளம் தேவைப்பட்டதால் தனியார் பக்கம் திரும்பினேன். விதை, பூச்சிமருந்து, சொட்டுநீர் என்று பல இடங்களில் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு மக்காச்சோள விதை கம்பெனியில் வேலை கிடைத்தது.

ஓ.ஜி.பி.ஏ.வை, அதாவது டிகிரியின் மொத்த மதிப்பெண் சராசரியை, யாரும் பெரிதாகக் கிளறவில்லை. "வண்டி இருக்கா, லைசென்ஸ் இருக்கா, பெரம்பலூரில் தங்குவீங்களா" என்பதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது. அப்புறம் ராவே (RAWE), அதாவது படிப்பின்போது கிராமத்தில் விவசாயிகளோடு இருந்து வேலை கற்கும் பயிற்சி. எந்தக் கிராமம், யார் தோட்டம், அவர் எந்தக் கடையில் மருந்து வாங்குவார் என்று குடைந்தார்கள். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவர்கள் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். நான் ராவே நாட்களில் சாயங்காலம் உரக்கடையில் போய் உட்காருவேன். படிப்பதற்கு இல்லை, அங்கே ஃபேன் இருந்தது. அந்தப் பழக்கம்தான் பின்னால் கைகொடுத்தது.

விதை கம்பெனியில் மேசை மேல் ஒரு மக்காச்சோளச் செடியைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். இலையெல்லாம் ஓட்டை, குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம். 2018இல் தமிழ்நாட்டுக்குள் வந்து மக்காச்சோளத்தைச் சூறையாடிய படைப்புழுதான். "என்ன மருந்து சொல்வீங்க?" என்றார் மேனேஜர். எமாமெக்டின் பென்சோயேட் என்று உடனே சொல்லியிருக்கலாம், வாய்வரை வந்தது. ஆனால் பயிருக்கு எத்தனை நாள் ஆகிறது, இதுவரை என்ன அடித்திருக்கிறார்கள் என்று கேட்டேன். புழு பெரிதாகிக் குருத்துக்குள் பதுங்கிவிட்டால் மேலாக அடித்துப் பயனில்லை, மருந்து குருத்துக்குள் இறங்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

அடுத்தது மனக்கணக்கு. வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 என்றால் ஏக்கருக்கு எத்தனை செடி? 26,000 சொச்சம். கால்குலேட்டரைத் தொடவிடவில்லை.

பிறகு மேனேஜரே விவசாயி ஆகிவிட்டார். "போன வருஷம் உங்க விதை போட்டேன், பாதி முளைக்கல. யாருய்யா காசு குடுப்பா?" கம்பெனியை விட்டுக்கொடுக்காமல் வாதாடுவேன் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ. நான் பையும் பில்லும் இருக்கிறதா, லாட் நம்பர் என்ன, விதைக்கும்போது ஈரம் இருந்ததா, எவ்வளவு ஆழத்தில் விழுந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, "நாளைக்குக் காட்டுக்கு வந்து பார்க்கிறேங்கய்யா" என்றேன். விளம்பரத்தில் 'சிறந்த கம்யூனிகேஷன்' என்று போடுகிறார்களே, அதற்கு அர்த்தம் இவ்வளவுதான். ஆங்கிலம் மெயிலுக்கும் எக்ஸல் ரிப்போர்ட்டுக்கும் போதும்.

ஒன்று மட்டும் இன்றும் உறுத்துகிறது. என்னைவிட நன்றாகப் படித்த வகுப்புத்தோழி ஒருத்தியிடம் வேறொரு கம்பெனியில் "தனியா ஊர் ஊரா சுத்த முடியுமாம்மா?" என்று கேட்டு, பதிலைக்கூட முழுசாகக் கேட்காமல் லேப் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ராவேயில் எங்கள் குழுவிலேயே அதிகம் வயல் சுற்றியவள் அவள்தான்.

சம்பளப் பேச்சு சீக்கிரம் முடிந்தது. பெட்ரோலுக்குக் கிலோமீட்டர் கணக்கா, மாதத்துக்கு மொத்தமா, புரொபேஷன் எத்தனை மாதம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டேன். அந்த உரக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்கு ஒரு விஷயம் தெரியும்: புரட்டாசிப் பட்டத்துக்கு முன் டீலர் கடைகளில் மூட்டை மூட்டையாக இறக்குவார்கள், விற்காதது சீசன் முடிந்ததும் திரும்பி வரும். அதனால், "சேல்ஸ் ரிட்டர்ன் என் டார்கெட்டில் கழியுமா சார்?" என்று கேட்டேன்.

மேனேஜர் சிரித்துவிட்டு, "கழியும். அதனால டீலர் தலையில் கட்டாம, விவசாயி கைக்குப் போற அளவுக்கு இறக்குங்க" என்றார்.