டாக்டர் கேட்பாரா?

"மாடிப்படியில வழுக்கிட்டேன் டாக்டர்" என்று வரும் பெண்ணுக்குத் தையல் போட நம் டாக்டர்களுக்கு நன்றாகத் தெரியும். கூட வந்த கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "வீட்டில யாராவது அடிக்கிறாங்களாம்மா?" என்று கேட்கத் தெரியுமா?

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) சொல்கிறது. அப்படியென்றால் சென்னையில் எந்த ஓபி வரிசையிலும் இவர்கள் நிற்கிறார்கள்.

இப்படி வரும் பெண்களுக்கு உதவ டாக்டர்கள் எவ்வளவு தயாராக இருக்கிறார்கள் என்று அளக்க அமெரிக்காவில் 'பிரெமிஸ்' என்றொரு கேள்வித்தாள் உண்டு. இங்கே நடத்தினால் நான் ஒரே ஒரு கேள்வி சேர்ப்பேன்: குடும்ப வன்முறைச் சட்ட விதிகளில் 17ஆவது விதி தெரியுமா? சம்பவ அறிக்கை (வீட்டில் நடந்த வன்முறையைப் பதிவு செய்யும் அறிக்கை) இல்லை என்று சிகிச்சையை மறுக்கக் கூடாது. மருத்துவமனையே அந்த அறிக்கைக்கான படிவம் 1-ஐ நிரப்பி, இந்தச் சட்டத்தின்கீழ் பெண்களுக்கு உதவ அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்கு இலவசமாகத் தர வேண்டும். (ஜெராக்ஸுக்கும் காசு கேட்கும் ஊரில் இது பெரிய விஷயம்!)

நேரமில்லை என்பார்கள். சரி, அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். குறைந்தபட்சம் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையாவது சொல்லலாம். சீட்டில் எழுதித் தர வேண்டாம், வீட்டில் யார் கண்ணிலாவது பட்டுவிடும். மூன்று இலக்கம்தானே, வாயால் சொன்னாலே மனதில் நிற்கும்.