ஒரே குப்பி, இரண்டு உடல்கள்

"சிஸ்டர், ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தானே வந்துச்சு? அவருக்குத் தானா போயிடுச்சு, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் போகல?"

அம்மாப்பேட்டை நெசவாளர் ஒருவரின் மனைவி இப்படிக் கேட்டபோது, டயாலிசிஸ் பிரிவில் எட்டு ஆண்டுகள் பணியாற்றியிருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போது நான் வேலை பார்த்த சேலம் மருத்துவமனையில், ஒரே ஷிப்டில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருந்த இருவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் தொற்றியிருந்தது. இன்னொருவர் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளி. வாரம் மூன்று நாள், 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வருவார். இருவருக்கும் காமாலை இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குக் கல்லீரல் நொதியின் அளவு பொதுவாகவே தாழ்ந்திருப்பதால், அந்தச் சோதனையும் எச்சரிக்கவில்லை.

எப்படித் தொற்றியது என்று தேடியபோது எங்கள் கண்ணில் பட்டது, டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்துக் குப்பி. அதன் ரப்பர் மூடியில் சல்லடைபோல ஊசித் துளைகள். பலருக்கும் அதிலிருந்தே மருந்து எடுத்திருந்தோம்.

ஆறு மாதத்திற்குள் தோட்டத் தொழிலாளியின் இரத்தத்தில் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. காணாமல் போனது; நெசவாளருக்கு நீடித்தது. எங்கள் சிறுநீரக மருத்துவர்தான் விளக்கினார். 19ஆம் குரோமோசோமில், வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் லாம்டா புரதங்களுக்கான மரபணுக்கள் உள்ளன; அவற்றின் அருகே டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறுவதைப் பொறுத்து, இந்த வைரஸை உடல் தானே வெளியேற்றும் வாய்ப்பு கூடவோ குறையவோ செய்கிறது என்று 2009இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2013இல் தெரியவந்தது இன்னும் வியப்பானது. கூடுதலாக ஒரு புரதம் சுரந்தால் நல்லது என்றுதானே நினைப்போம்? லாம்டா 4 என்னும் புரதத்தைச் சுரக்க இயலாதவர்களுக்கே வைரஸ் எளிதில் நீங்குகிறது. எங்கள் நோயாளிகளுக்கு மரபணுச் சோதனை எதுவும் செய்யவில்லை. ஆகவே காரணம் இதுவேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நெசவாளரின் உணவையோ ஒழுக்கத்தையோ உறவினர்கள் குறை சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு இது போதுமானதாக இருந்தது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியிலும் இப்படியொரு வேறுபாடு உண்டு. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு 40 மைக்ரோகிராம் வீதம் நான்கு தவணை போட்டும், சிலருக்கு எதிர்ப்புப் பொருளின் (ஆன்டிபாடி) அளவு, பாதுகாப்புக்குத் தேவையான மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டைத் தொடுவதில்லை. யூரியா மிகுந்த இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் தளர்வது ஒரு காரணம், அந்நியப் பொருளை எதிர்ப்பாற்றலுக்கு அடையாளம் காட்டும் எச்.எல்.ஏ. மரபணுக்களின் வகை மற்றொன்று. முன்பெல்லாம், தவணையைத் தவறவிட்டிருப்பார்கள் என்று எண்ணி அவர்களைக் கடிந்துகொண்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வருந்துகிறேன்.

இருந்தாலும் மரபணுவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஓர் அச்சம் உண்டு. வைரஸ் உள்ளே போன பிறகுதான் மரபணுவுக்கு வேலை. அதை உள்ளே விட்டது எங்கள் ஊசி. நெசவாளரின் மனைவியிடம் இதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் வெகுநேரம் என்னிடம் பேசவில்லை.

நெசவாளருக்கு 12 வாரம் மாத்திரை கொடுத்ததில் வைரஸ் நீங்கிவிட்டது. பழைய இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில் பெரிதாகப் பார்க்கப்பட்ட அந்த மரபணு வேறுபாடு, இந்த மாத்திரைகளுக்கு ஏறக்குறைய பொருட்டே இல்லை. ஆனால் ஆன்டிபாடி சோதனை அதன் பிறகும் பாசிட்டிவ் என்றே காட்டும். அதனால் வேறு ஊரில் டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம், ஆர்.என்.ஏ. இல்லை என்னும் அறிக்கையை லேமினேட் செய்து, அந்த அம்மா கைப்பையில் எடுத்துச் செல்கிறார்.