ஒரு போத்தல் கடல் தண்ணீரோடு ஹம் காமாட்சியிடம்

முல்லைத்தீவில் எங்கள் ஊரான வற்றாப்பளையில் கண்ணகி அம்மன் பொங்கல் முடிந்த கையோடுதான் அக்கா இருக்கிற ஜேர்மனிக்குப் புறப்பட்டேன். விசா முன்னரே கிடைத்திருந்தது. பொங்கலுக்கு நிற்காமல் வரமாட்டேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அதுக்கென்ன, இஞ்சத்தைத் தேர் அதுக்குப் பிறகுதானே. வரேக்க கடல் தண்ணி ஒரு போத்தல் கொண்டு வா" என்றாள். பனங்கட்டியும் ஒடியல் மாவும் கேட்பாள் என்று பார்த்தால், கடல் தண்ணீர்!

வன்னிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து, பத்தாவதாகத் தங்கிய இடம் எங்கள் ஊர் என்பது ஐதீகம். பத்தாப்பளை என்பதே வற்றாப்பளை ஆனதாம். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவியாக வந்து, பொங்கித் தரச் சொன்னாள். இருட்டியதும் விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றார்கள். கடல் தண்ணீரை ஊற்றி ஏற்றுங்கள் என்றாள், எரிந்தது. இன்றைக்கும் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலுக்குக் கொண்டு வருவார்கள். அங்கே அந்தத் தண்ணீரில்தான் விளக்கு எரியும். வைகாசி விசாகத்தை ஒட்டிவரும் திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல்.

நான் கொண்டுபோனது கோவில் தீர்த்தம் அல்ல. விடியற்காலையில் போய் நானே கடலில் அள்ளிய தண்ணீர். போத்தலை இரண்டு பொலித்தீன் பையில் கட்டி, சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். டுசெல்டோர்ஃப் விமான நிலையத்தில் நான் இறங்கினேன், பெட்டி இறங்கவில்லை. இரண்டு நாள் அக்காவின் சட்டைகளோடுதான் திரிந்தேன். மூன்றாம் நாள் வீட்டு வாசலில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். போத்தலில் ஒரு சொட்டுக் குறையவில்லை, பெட்டியின் சில்லு ஒன்றுதான் உடைந்திருந்தது.

அக்காவைக் கடைசியாகக் கண்டது 2003இல், வன்னி ஊடாகப் போகிற ஏ9 பாதை திறந்திருந்த சமாதான காலத்தில். விமான நிலையத்தில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் கையைப் பிடித்து, "என்னடி, அம்மா மாதிரியே வந்திட்டாய்" என்றாள்.

அக்கா சொன்ன தேர் ஓடுகிற காமாட்சி அம்பாள் கோவில் ஜேர்மனியின் ஹம் நகரத்தில், ஊன்ட்ரொப் பகுதியில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு மனம் ஒட்டவில்லை. வயலும் பனையும் தாண்டிக் கோவிலுக்குப் போய்ப் பழகியவள் நான். இங்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் கம்பனிக் கட்டடங்கள், பாரவண்டிகள், தூரத்தில் அனல்மின் நிலையம். அதற்குள் திடீரென்று 17 மீற்றர் உயரத்தில் ஒரு கோபுரம்! ஆறுமுகம் பாஸ்கரக் குருக்கள் 1980களில் இந்த நாட்டுக்கு வந்தவர். தொடக்கத்தில் ஒரு நிலக்கீழ் அறையில்தான் அம்பாளை வைத்துப் பூசை செய்தாராம். இந்தக் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 2002இல். காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும், சாம்பிராணியும் மாலையில் வாடிய பூவும் கலந்த அதே மணம். அதற்குப் பிறகு வெளியே என்ன இருந்தால் எனக்கென்ன?

தேர் ஞாயிற்றுக்கிழமை. பாரிஸிலிருந்தும் சுவிஸிலிருந்தும் ஒல்லாந்திலிருந்தும் சனம். தார் வீதியில் தேங்காய் அடித்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தூக்குக் காவடி, செடில் காவடி, பாற்குடம், பிரதட்டை எல்லாம் உண்டு. வீதியோரத்தில் கொத்துரொட்டி, ரோல்ஸ், சேலைக் கடைகள். வேட்டி கட்டிய பெடியன்கள் வடம் பிடித்தபடி தங்களுக்குள் டொச் மொழியில் கதைத்தார்கள். "அரோகரா" மட்டும் தமிழில் வந்தது. கமராவோடு நின்ற வெள்ளைக்காரக் கிழவி ஒருவர் என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. திருநீற்றை நீட்டினேன், குனிந்து நெற்றியைக் காட்டினார்.

அக்கா கற்பூரச் சட்டி எடுத்தாள். வீட்டில் எனக்குச் சொல்லவில்லை. சட்டிக்கடியில் மடித்த துணி, அதன்மேல் நாலு வேப்பங்கொத்து. அந்த வேப்பிலையை இங்கே காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. முற்றத்தில் கூட்டித் தள்ளுகிற பொருள்! சட்டியின் சூட்டில் அவளுடைய முகம் சிவந்துபோயிருந்தது. நான் அத்தானோடு பின்னால் நடந்தேன்.

"எத்தினை வருசமாய் எடுக்கிறா?"

"2009இல இருந்து. உங்கட ஒரு சத்தமும் இல்லை அப்ப. மே மாசம் முழுக்க சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, ரீவிக்கு முன்னாலதான் இருந்தவ. நீங்கள் உயிரோட வந்தால் நடக்கிற காலம் வரைக்கும் சட்டி எடுக்கிறன் எண்டு நேந்தவ."

போர் முடிந்த அந்த மே மாதம் நான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தேன். பிறகு செட்டிக்குளம் அகதி முகாம். பல கிழமைகளுக்குப் பிறகுதான் அக்காவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க முடிந்தது. அன்றைக்கு அவள் நேர்த்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அழுதாள், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைக்காக ஊரில் நேர்த்தி வைப்பதுதான் எங்கள் வழக்கம். எனக்காக இந்தத் தார் வீதியில் ஒருத்தி ஆண்டுதோறும் நெருப்பேந்தி நடந்திருக்கிறாள். அத்தானுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், முன்னால் போய் அவளுடைய சேலைத் தலைப்பைச் சட்டியில் படாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த நாள் கால்வாயில் தீர்த்தம். சரக்குப் படகுகள் போகிற கால்வாய். அம்பாளோடு சனமும் படிக்கரைக்கு இறங்கியது. தண்ணீரைத் தலையில் தெளித்தேன். கோடை என்றார்கள், விறைத்துப் போனேன்.

அன்றிரவு அக்கா போத்தலை எடுத்தாள். வீட்டுக்குள் புகை எழுந்தால் கூரையிலுள்ள கருவி அலறும் என்பதால் சாமி விளக்கை பல்கணிக்குக் கொண்டுபோனாள். குத்துவிளக்கில் கடல் தண்ணீரை ஊற்றித் திரியைப் போட்டாள். நெருப்புக்குச்சியை வைத்ததும் திரி 'சுர்' என்றது, அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அப்படித்தான். அத்தான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "அம்மாளாச்சிக்கு விசா கிடைக்கேல்லைப் போல" என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பேரும் பல்கணித் தரையிலேயே இருந்துவிட்டோம்.

பிறகு தண்ணீரைத் திரும்பப் போத்தலில் வார்த்து மூடினாள். விளக்கைத் துடைத்து நல்லெண்ணெய் ஊற்றினோம்.