விடிஞ்சிருச்சா அக்கா?

தம்பி பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டு இன்றோடு 4 மாதம். தையல் ஆறிவிட்டது, நடக்கிறான், பேசுகிறான், தூக்கம் மட்டும் இன்னும் சரியாகவில்லை.

ராத்திரி இரண்டரை மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து போர்வை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே "அக்கா, விடிஞ்சிருச்சா?" என்று கேட்கிறான், பத்து நிமிஷம் கழித்துத் திரும்பவும் அதே கேள்வி. காலையில் இட்லியைப் பிட்ட கை தட்டிலேயே இருக்க அப்படியே தூங்கிவிடுகிறான். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் சோம்பேறித்தனம் என்கிறார்கள். கேட்கும்போது வயிறு எரிகிறது.

அது சோம்பல் இல்லைங்க. எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்று பார்த்துக்கொள்வது மூளை, அடிபட்டதும் அதே மூளைதான். மாலையில் சுரக்க வேண்டிய மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோன் தலைக்காயத்துக்குப் பிறகு சிலருக்குக் குறைந்துவிடுகிறது, அதோடு தலைவலி, பயம் எல்லாம் சேர்ந்துகொள்கிறது.

டாக்டர் சொன்னபடி காலையில் மொட்டைமாடி வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறோம், மதியம் அரைமணி நேரம்தான் தூக்கம், 2 மணிக்கு மேல் டீ கிடையாது. தயவுசெய்து யாரும் நீங்களாகவே மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், சில மாத்திரைகள் குழப்பத்தையும் மறதியையும் கூட்டிவிடும். அப்புறம், குறட்டை அதிகமாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நேற்று 4 மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினான். நான்தான் எழுந்து எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.